ரெஸில்மேனியா 3: ஒரே நாளின் இரு ஆட்டங்களும் ரசிகர் மதிப்பீடும்

ரெஸில்மேனியா 3 என்பது 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்போது இருந்த பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் வேர்ல்ட் ரெஸ்லிங் ஃபெடரேஷன் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நடத்திய தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சி. பார்வையாளர் எண்ணிக்கை 93,173 என அறிவிக்கப்பட்டது. உண்மையான எண்ணிக்கை 78,000 அளவில்தான் இருந்தது என்று பின்னர் மறுப்பும் எழுந்தது. அன்று நடந்த 12 ஆட்டங்களில் இரண்டு இன்றும் ரசிகர்களிடையே விவாதிக்கப்படுகின்றன. ஒன்று ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் இருவரும் மோதியது. மற்றொன்று ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயன்ட்டும் மோதிய இறுதி ஆட்டம்.

'ரெஸ்லிங் அப்சர்வர்' இதழின் வாசகர்கள் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டமாக முதலாவதையும், மிக மோசமான ஆட்டமாக இரண்டாவதையும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அந்நிகழ்ச்சியின் அடையாளமாகப் பொதுமக்கள் நினைவில் தங்கியது இரண்டாவது ஆட்டமே. இந்த முரண்பாடு, ஒரு மல்யுத்த ஆட்டத்தை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்வியை எழுப்புகிறது.

மதிப்பீட்டின் அடிப்படை

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்படுகிறது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் இந்த நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஆகவே 'யார் பலசாலி?' என்பது இங்கே விமர்சனக் கேள்வி ஆகாது. இருவர் சேர்ந்து ஒரு மோதலை எவ்வளவு நம்பும்படி நிகழ்த்திக் காட்டினார்கள் என்பதே கேள்வி. தோற்பவரின் ஒத்துழைப்பு இல்லாமல் வெல்பவரால் எதையும் செய்ய முடியாது.

பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1957இல் வெளியான தம் 'மித்தாலஜீஸ்' நூலில் மல்யுத்தத்தை விளையாட்டாகக் கருதாமல் ஒரு காட்சிக்கலையாகவே கருதினார். குத்துச்சண்டையில் காலம் செல்லச் செல்ல ஒரு கதை உருவாகிறது. மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணமும் தனித்தனியே பொருள் தருகிறது என்பது அவர் கருத்து. மேற்கண்ட இரு ஆட்டங்களில் ஹோகன் ஆட்டம் இக்கருத்துக்குப் பெரிதும் பொருந்துகிறது. சாவேஜ் ஆட்டம் பொருந்தவில்லை.

சாவேஜ் – ஸ்டீம்போட்

இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கான இந்த ஆட்டம் 14 நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடித்தது. கதைப்படி, 1986இன் இறுதியில் சாவேஜ் களமணியால் தாக்கி ஸ்டீம்போட்டின் தொண்டையைக் காயப்படுத்தியிருந்தார். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே திட்டமிடும் பழக்கம் உடையவர். இந்த ஆட்டத்தையும் இருவரும் படிப்படியாக எழுதி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்திருந்தனர்.

அதன் பலன் களத்தில் தெரிகிறது. ஒருவர் மற்றவரின் தோள்களைத் தரையில் அழுத்துகிறார். நடுவர் இரண்டு எண்ணுகிறார். மூன்றாவது எண்ணுக்கு முன் கீழே கிடப்பவர் விடுபடுகிறார். இது திரும்பத் திரும்ப நிகழும்போது ஒவ்வொரு முறையும் அரங்கம் முடிவை எதிர்பார்க்கிறது. பின்னர் நடுவர் மோதிக் கீழே விழுகிறார். சாவேஜ் கயிற்றின் உச்சியிலிருந்து பாய்ந்து முழங்கையால் தாக்குகிறார். வென்றிருக்க வேண்டிய அந்த நேரத்தில் எண்ணுவதற்கு ஆளில்லை. அவர் மீண்டும் களமணியை எடுக்கிறார். ஸ்டீம்போட்டின் துணையாக வந்திருந்த ஜார்ஜ் ஸ்டீல் அவரைக் கயிற்றிலிருந்து தள்ளிவிடுகிறார். அதன்பின் ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்து வெல்கிறார். பகை தொடங்கிய அதே பொருளைக் கொண்டே பகை முடித்துவைக்கப்படுகிறது.

குறைகளும் உண்டு. வேகம் கூடக்கூட ஸ்டீம்போட்டின் தொண்டைக் காயம் மறக்கப்படுகிறது. முடிவை ஒரு மூன்றாம் ஆள் தீர்மானிப்பதால், பழிதீர்த்த நிறைவு முழுதாகக் கிட்டவில்லை. ஆனாலும் இருவரின் திறனும் இணைந்து செயல்பட்ட விதத்தில் இதை மிஞ்சிய ஆட்டம் அன்று இல்லை.

ஹோகன் – ஆந்த்ரே

இந்த ஆட்டம் சுமார் 12 நிமிடங்கள் நடந்தது. தொடக்கத்திலேயே ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்க முயன்று, அந்த எடையைத் தாங்காமல் சரிகிறார். ஆந்த்ரே அவர்மீது விழுகிறார். ஹோகன் மூன்றாவது எண்ணில் மயிரிழையில் தப்புகிறார். அதன்பின் பெரும்பகுதி ஆந்த்ரேயின் மெதுவான தாக்குதல்தான். நெடுநேரம் இடுப்பைச் சுற்றி இறுக்கும் பிடியொன்றில் ஆட்டம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. முடிவில் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கித் தரையில் அடித்து, காலால் தாக்கி வெல்கிறார்.

ஆந்த்ரே 15 ஆண்டுகள் தோல்வியே காணாதவர் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அது உண்மையல்ல. 1986இல் ஜப்பானில் அன்டோனியோ இனோகியிடம் அவர் தோற்றிருந்தார். ஹோகனே 1980இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இவற்றை அறிந்த ரசிகர்களுக்கு அந்த மாபெரும் கணம் ஏமாற்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும் அவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. ஆந்த்ரேக்கு அக்ரோமெகலி என்ற வளர்ச்சி இயக்குநீர்க் கோளாறு இருந்தது. 1986இல் அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அன்று உடைக்குள் முதுகுத் தாங்கி அணிந்தே அவர் களமிறங்கினார். 236 கிலோ என அறிவிக்கப்பட்ட அந்த உடல் ஒத்துழைக்காவிட்டால் யாராலும் அதைத் தூக்கியிருக்க முடியாது. சிகிச்சை பெற்ற அதே முதுகில் விழ அவர் சம்மதித்தார். 1993 ஜனவரியில், 46 வயதில் அவர் இறந்தார்.

இரக்கம் ஒரு விமர்சன அளவுகோல் ஆகாது. ஒருவர் வலியோடு ஆடினார் என்பதால் மந்தமான ஆட்டம் நல்ல ஆட்டமாகிவிடாது. அந்த நிலையில் இருந்தவரை நிகழ்ச்சியின் மையத்தில் நிறுத்திய நிறுவனத்தின் முடிவையும் இது நியாயப்படுத்தாது. ஆனால் ஆட்டத்தின் அமைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அசைய முடியாத ஓர் உடலை வைத்து, 'இவரை அசைக்க முடியுமா?' என்ற ஒரே கேள்வியில் ஆட்டம் கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் நிகழும் சரிவு இல்லையென்றால் முடிவில் வரும் தூக்குதலுக்கு எடை இருந்திருக்காது. இயலாமையையே கதையாக்கிய இந்தத் தேர்வு திறமையானது. நீண்ட பிடியைப் பாதியாகக் குறைத்திருந்தால் அது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

நட்சத்திரங்களின் போதாமை

'ரெஸ்லிங் அப்சர்வர்' ஆசிரியர் டேவ் மெல்ட்சர் முதல் ஆட்டத்துக்கு நாலரை நட்சத்திரங்களும், இரண்டாவதற்கு மைனஸ் 4 நட்சத்திரங்களும் அளித்தார். ஐந்து நட்சத்திரங்களை உச்சமாகக் கொண்ட இம்முறை, களத்தில் வெளிப்படும் உழைப்பையும் நுட்பத்தையும் பெரிதும் மதித்தது. விளம்பரத்தை நம்பாமல் வீரர்களின் திறனைக் கூர்ந்து பார்க்க ரசிகர்களைப் பழக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பெருநிறுவனங்கள் கவனிக்காத வீரர்கள் பலர் இதனால் கவனம் பெற்றனர்.

ஆனால் எண் ஒன்றைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நடந்த ஒகாடா – கென்னி ஒமேகா ஆட்டத்துக்கு மெல்ட்சர் ஆறு நட்சத்திரங்களும், 2018 ஜூனில் அதே இருவர் மோதிய ஆட்டத்துக்கு ஏழும் தந்தபோது, விவாதம் ஆட்டங்களைவிட எண்களையே சுற்றி நடந்தது. ஆட்டத்தில் என்ன நிகழ்ந்தது, எந்த இடத்தில் அரங்கம் எழுந்தது, எங்கே சலித்தது என்று ஒரு ரசிகர் விவரித்தால், அதை மறுக்கவும் ஏற்கவும் பிறருக்கு இடமிருக்கும். 'நாலரை' என்பதோடு நிறுத்தினால் அந்த இடம் இல்லை.

முடிவு

1987இன் வாசகர் வாக்கெடுப்பு பாதி சரி. சாவேஜ் – ஸ்டீம்போட் ஆட்டம் அன்றைய சிறந்த ஆட்டம் என்பதில் ஐயமில்லை. பின்னாளில் வந்த விரைவான, பல திருப்பங்கள் கொண்ட ஆட்டங்களுக்கு அது முன்மாதிரியாகவும் அமைந்தது. ஹோகன் – ஆந்த்ரே ஆட்டத்தை ஆண்டின் மிக மோசமானதாகத் தேர்ந்தெடுத்தது தவறு. அதன் குறைகள் உண்மையானவை. ஆனால் அது எடுத்துக்கொண்ட ஒரே வேலையை முழுமையாகச் செய்து முடித்தது. அதற்கான விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர் தோற்றவர்தான். இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும் எவரும் வென்றவரின் கைகளைப் போலவே விழுந்தவரின் முதுகையும் கவனித்து எழுத வேண்டும்.