வீட்டுக்குத் தூரம்

வலது மணிக்கட்டு வலியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. விடைத்தாள், தட்டச்சு, தேய்க்கும் பாத்திரம் எல்லாம் ஒரே கையில் வந்து சேர்ந்த வலி. தட்டச்சைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். பாத்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்தேன். ஆண்டுச் சந்தா எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவை நெருங்கியது. ஏழு நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள்.

இத்தகைய கருவிகளுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் வேகம், துல்லியம், விலை என்ற மூன்றைத்தான் அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் வளர்ச்சி பெரிது. ஜேனட் பேக்கரும் அவர் கணவர் ஜேம்ஸும் 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய டிராகன் நிறுவனம், 1990இல் விற்ற மென்பொருளின் விலை 9,000 டாலர். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். தொடர்ந்து பேசினாலும் எழுதும் வடிவம் 1997இல் வந்தது. தமிழுக்கு, 2017 ஆகஸ்டில் கூகுள் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. இன்று அது கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியானால் சந்தா எதற்கு? நீண்ட ஒலிப்பதிவை முழுதாக எழுதித் தருவதற்கும், எழுதியதைச் சுருக்கித் தருவதற்கும்.

முதலில் என் வகுப்புக் குறிப்பு ஒன்றை வாசித்துக் காட்டினேன். நன்றாகவே எழுதியது. நம்மில் பலர் ‘பனி’யையும் ‘பணி’யையும் ஒன்றுபோலவே உச்சரிக்கிறோம். காதால் மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாது. முன்பின் சொற்களைக் கொண்டு இயந்திரம் ஊகிக்கிறது. சில இடங்களில் வல்லினம் மிகவில்லை. என் மாணவியரின் விடைத்தாள்களில் நான் சிவப்பு மையால் இடும் திருத்தங்களைவிட அவை குறைவு. வாங்கிவிடலாம் என்றே நினைத்தேன்.

மறுநாள் அம்மாவைப் பேச வைத்தேன். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். “வயசுக்கு வந்ததும் கொல்லைக் கொட்டாயில உட்கார வெச்சாங்க. அதுக்கப்பறம் மாசா மாசம் மூணு நாள் வீட்டுக்குத் தூரம். அந்த மூணு நாளுதான் எனக்குப் படிக்கக் கெடச்ச நாளு. பொட்டலம் மடிச்ச தாளைக்கூட விடமாட்டேன்.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ‘உட்கார வெச்சாங்க’ என்றதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மென்பொருள் எழுதித் தந்ததில் அந்த இடைவெளி இல்லை. ‘கொட்டாய்’ வேறேதோ சொல்லாகியிருந்தது. இவை திருத்தக்கூடிய பிழைகள். ‘தூரம்’ என்ற சொல்லை அது சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் சுருக்கத்தில் இப்படி இருந்தது: “இவர் மாதத்தில் மூன்று நாட்கள் வீட்டிலிருந்து தொலைவில் தங்கினார். வாசிப்பில் ஆர்வம் கொண்டவர்.”

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “தொலைவா? கொட்டாய் அடுப்படியிலேருந்து பத்தடிகூட இல்லையே” என்று சிரித்தார்.

மாதவிலக்கைத் ‘தூரம்’ என்று சொல்வது நம் வீடுகளில் பெண்கள் தலைமுறைகளாகப் பேசிவந்த மொழி. தீட்டு என்று ஒதுக்கியதன் கொடுமையும், அந்த ஒதுக்கத்திலேயே படிப்பதற்கு ஒரு மூலையைக் கண்டுபிடித்த சாமர்த்தியமும் அம்மாவின் ஒரே வாக்கியத்தில் இருந்தன. சுருக்கம் அந்த வாக்கியத்திலிருந்து வீட்டார் செய்ததையும் எடுத்துவிட்டது, அம்மா செய்ததையும் எடுத்துவிட்டது. ‘தங்கினார்’ என்ற வினையில் உட்கார வைத்தவர்கள் யாரும் இல்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத அந்த இரண்டு வரிகளும் முழுப் பொய்.

இந்தச் செவி பிறவியில் வந்ததல்ல; ஊட்டி வளர்த்தது. யூடியூபின் தானியங்கி ஆங்கில வரிகளை ஆராய்ந்த ரேச்சல் டாட்மன், பெண்களின் பேச்சிலும் ஸ்காட்லாந்துக்காரர் பேச்சிலும் பிழை கூடுவதை 2017இல் காட்டினார். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பினத்தவர் பேச்சில் 35. எந்தப் பேச்சை ஊட்டினார்களோ அதுவே இயந்திரத்துக்கு மொழி. வட்டாரமும் சாதியும் பாலும் ஊடாடும் நம் பேச்சுத் தமிழுக்கும் இது பொருந்தும்.

மனிதச் செவி மட்டும் குற்றமற்றதா? எங்கள் திருவானைக்காவல் கோயிலில் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் சூடி, அகிலாண்டேஸ்வரியாகவே போய்ச் சம்புகேசுவரருக்குப் பூசை செய்வார். பெண்ணின் இடத்தில் வேறொருவர் நின்று செய்வது நமக்குப் பழகிய காட்சி. எழுதத் தெரியாத பெண்களின் சொல்லும் இன்னொருவர் கைவழியாகவே அச்சுக்கு வந்திருக்கிறது. புதுச்சேரி அருகே வாழ்ந்த தலித் பெண் வீரம்மாவின் வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலானது. தமிழில் அவர் சொன்னதை ஆண்டுக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து கேட்டவர் ஜோசியான் ராசின். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையிலான அதிகாரம் பற்றி அந்நூலை வைத்து நாம் விவாதிக்கலாம். விவாதிக்க அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அம்மாவின் வாக்கியத்தை மாற்றியது யார் என்று நான் எவரிடம் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. குரலால் எழுத, குரலெழுப்ப ஓர் இடம் வேண்டும். நம் மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் சல்மா இரவில் கழிப்பறையில் மறைந்து எழுதியதையும், அந்தத் தாள்களை அவர் தாயார் வெளியே அனுப்பியதையும் அறிவோம். சத்தமில்லாமல் செய்ய முடிந்ததால்தான் அந்தக் கவிதைகள் பிழைத்தன. கூடத்தில் எல்லோரும் இருக்கையில் ஒரு கவிதை வரியை உரக்கச் சொல்லி எழுத என்னாலும் முடியாது. பேனாவுக்குக் கதவு தேவையில்லை.

ஆனாலும் இந்தக் கருவியை வெறுத்து ஒதுக்க நான் தயாரில்லை. என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். கட்டுரை எழுத வேண்டுமானால் இன்னொருத்தியின் ஓய்வுநேரத்துக்குக் காத்திருப்பாள். இப்போது கைப்பேசியிடம் சொல்லிவிட்டு, அது வாசித்துக் காட்டக் கேட்டுத் திருத்துகிறாள். “யாரையும் கெஞ்ச வேண்டாம் மேடம்” என்றாள். அவளுக்கு அது கை. அவள் சொல்வது அவள் சொன்னபடி வருகிறதா என்று பார்க்க அவளே உடன் இருக்கிறாள். அம்மாவின் பதிவில் அந்தக் காவல் இல்லை. மேலும், அந்தப் பதிவு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்புகிறது. என் கைப்பேசியில் பதியத்தான் அம்மா சம்மதித்தார்.

ஆகவே சந்தா கட்டவில்லை. துறை அறிக்கை, சுற்றறிக்கை, விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் இலவசக் குரல்வழித் தட்டச்சில் சொல்லிவிடுகிறேன். கைவலிக்கு அவ்வளவு விடுதலை போதும். மிச்சமான கையால் அம்மாவின் பதிவை ஒரு நாளைக்கு அரைப்பக்கம் எழுதுகிறேன். பேசாமல் இருந்த இடங்களில் ஒரு வரி விடுகிறேன். ‘தூரம்’ வரும் இடத்தில் அடிக்குறிப்பு போடவில்லை. அதைப் படிக்கப்போகிறவர்களுக்கு அந்தப் பத்தடி தெரியும்.