ஓவியனும் ஏலமும்: ஹோகாத் முதல் இணையம் வரை

கலைப்படைப்பு இருவகை வாழ்வுடையது. ஒருபுறம் அது ஒரு மனிதனின் அநுபவத்தையும் உழைப்பையும் பிறர் காணச் செய்யும் ஆக்கம். மறுபுறம் அது சந்தையிற் கைமாறும் பண்டம். கவிதையும் நாவலும் ஆயிரம் பிரதிகளாகப் பெருகிச் சிறு விலையில் வாசகரைச் சென்றடைகின்றன. மூல ஓவியமோ ஒன்றே ஒன்றாய் நிற்பது. ஒருவர் பெற்றால் ஏனையோர் இழப்பர். அதனாலேயே அதன் விலை, போட்டியை அடிப்படையாகக் கொண்ட ஏலத்தோடு இயல்பாகத் தொடர்புறலாயிற்று.

அவ்வேலம் இன்று இணையத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது. காட்சிக்கூட உரிமையாளர், தரகர், இரசனை வல்லுநர் ஆகியோரின் தயவை நாடாது ஓவியன் நேரடியாக வாங்குவோரை அடையலாம் என்றும், எனவே இணைய ஏலம் கலையைச் சனநாயகப்படுத்துகின்றது என்றும் ஒரு சாரார் கூறுவர். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடையது.

அரசவையும் தேவாலயமும் ஓவியனைப் பேணிய காலத்தில் அவன் யாருக்காக வரைகின்றான் என்பது வரையுமுன்னரே தெரிந்திருந்தது. வணிக வர்க்கத்தின் எழுச்சியோடு முகமறியாத வாங்குநருக்காக வரையும் நிலை பரவியது. இலண்டனில் 1744 இல் சொதபீஸும் 1766 இல் கிறிஸ்டீஸும் தமது ஏல வணிகத்தின் தொடக்கத்தைக் கண்டன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலேயே, ஓர் ஓவியன் தானே ஏலம் நடத்த முனைந்தமை மனங்கொள்ளத்தக்கது. அவ்வோவியன் வில்லியம் ஹோகாத்.

1745 இல் ஹோகாத் தமது 19 ஓவியங்களை விற்க வகுத்த முறை புதுமையானது. ஏலம் கூறுவோன் இல்லை, சுத்தியல் இல்லை. அவரது இல்லத்தில் ஒரு புத்தகம் வைக்கப்பட்டது. விரும்பியோர் வந்து, ஓவியங்களைப் பார்த்து, தாம் தரக்கூடிய தொகையை அதிற் பதிந்தனர். பின் வந்தோர் முன் பதியப்பட்ட தொகையைக் கண்டு அதனை விஞ்சலாம். இவ்வாறு ஏறத்தாழ ஒரு மாதம் ஏலம் திறந்திருந்தது. இறுதி நாளில் ஒரு கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஒலிக்க, ஒவ்வோர் ஓவியமாக அவ்வேளையிற் புத்தகத்திலிருந்த மிகக்கூடிய தொகைக்கு முடிவாயிற்று. குறித்த காலம், அனைவருக்கும் புலப்படும் கேள்வித்தொகை, கடிகாரத்தால் முடியும் விற்பனை ஆகிய மூன்றும் இன்றைய இணைய ஏலத்தின் அடிப்படை உறுப்புகளே என்பதைக் கூறவேண்டியதில்லை.

விளைவு யாது? பத்தொன்பது ஓவியங்களும் சேர்ந்து ஏறத்தாழ 427 பவுணையே ஈட்டின. இன்று ஆங்கிலக் கலையின் பெருஞ்செல்வமாகக் கருதப்படும் ‘ஊதாரியின் வாழ்க்கை’ வரிசையின் எட்டு ஓவியங்களும் ஒவ்வொன்றும் 22 கினிக்கே சென்றன. 1751 இல் அவர் மீண்டும் முயன்று ‘நாகரிகத் திருமணம்’ என்னும் ஆறு ஓவியங்களை ஏலத்திலிட்டபோது விலை 120 கினி அளவிலேயே நின்றது.

தரகரைத் தவிர்த்தும் ஹோகாத் தோற்றமைக்குக் காரணம் முறையன்று, இரசனை. அன்றைய ஆங்கிலச் செல்வர் இத்தாலிய முன்னோரின் ஓவியங்களையே, பெரும்பாலும் அவற்றின் போலிகளையும் சேர்த்து, கலையெனப் போற்றினர். ஹோகாத் தம் ஏலத்துக்கு அச்சிட்ட அநுமதிச்சீட்டில், பழைய ஓவியங்கள் படையெனத் திரண்டு தம் ஓவியங்களைத் தாக்குவதாகச் சித்திரித்தார். நோயை அவர் சரியாகவே இனங்கண்டிருந்தார். ஆயின் விற்கும் முறையை மாற்றுவதனால் மதிப்பிடும் முறை மாறிவிடவில்லை. இவ்வேறுபாடே இணைய ஏலத்தை விளங்கிக்கொள்வதற்கும் திறவுகோலாகும்.

ஈபே என்று பின்னர் பெயர்பெற்ற தளம் 1995 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் ஏலத்தில் வாங்குபவர் தம் உச்சத்தொகையை மறைவாகப் பதியலாம். தளம் அவர் சார்பில், அடுத்தவரை விஞ்சத் தேவையான அளவுக்கே கேள்வியை உயர்த்தும். ஓர் ஓவியத்துக்கு ஒருவர் 20,000 ரூபா தரத் துணிந்திருக்க, அடுத்தவர் 6,000 ரூபாவில் நின்றுவிட்டால், அது ஆறாயிரத்தைச் சற்றே கடந்த விலைக்குப் போகும். அந்த இரண்டாமவர் அன்றிரவு உறங்கிவிட்டால் தொடக்க விலைக்கே போகும். ஆகவே ஏலவிலை என்பது ஓவியத்தை மிக விரும்பியவரின் மதிப்பீடுகூட அன்று. தோற்றவர் எங்கே நின்றார் என்பதன் பதிவு. இதனைக் கலையின் பெறுமதியெனக் கொள்வது பெரும் மயக்கமாகும்.

எனினும் இணையம் ஓவியர்க்கு யாதும் தரவில்லை என்பது நேர்மையாகாது. அமெரிக்க ஓவியர் டுவேன் கீசர் 2004 டிசம்பரில், நாளுக்கொன்றாகத் தபாலட்டை அளவான தைலவண்ண ஓவியங்களை வரைந்து இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். அவற்றை ஈபே ஏலத்தில் விற்றார். பழம், முட்டை, உண்ட மீதி என அன்றாடப் பொருள்களே அவரது பொருள். காட்சிக்கூடத்தினுட் கால்வைக்கத் தயங்குவோரும் ஒரு மூல ஓவியத்தை உடைமையாக்க முடிந்தது. பலர் அவரைப் பின்பற்றினர். ஓவியன் வாங்குபவரை நேரடியாக அறிந்து தன் உழைப்பால் வாழ்வதென்பது சிறிய வெற்றியன்று.

ஆயின் இவ்வெற்றிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓவியத்தின் அளவைத் தபாலுறை வரையறுக்கின்றது. அதன் காலத்தை நாட்காட்டி வரையறுக்கின்றது. வண்ணத்தின் தடிப்பு, தூரிகையின் தடம், பார்ப்பவன் உடலோடு ஒப்பிட்டு உணரும் பருமை ஆகியன திரையில் மங்கிவிட, சிறு படமாகக் குறுகியும் கண்ணைப் பறிப்பதே விலைபோகின்றது. பொறிமுறை மறுவுற்பத்தி மூலப்படைப்பின் ஒளிவட்டத்தைக் குலைக்கின்றது என வோல்டர் பென்யமின் 1936 இல் வாதிட்டார். இணைய ஏலம் அதற்கு ஒரு விசித்திரமான திருப்பத்தைத் தருகின்றது. இங்கே மூலப்படைப்பு தன் நகலை நம்பியே வாங்கப்படுகின்றது. நகல் பொருட்டே வரையவும்படுகின்றது.

வாயிற்காவலர் நீங்கிய இடத்தில் தீர்ப்புக் கூறுவது யார்? 2000 ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒருவர் ஓர் அரூப ஓவியத்தை ஈபேயில் மிகச்சிறு தொகைக்கு ஏலத்திலிட்டார். கலை பற்றி ஏதுமறியாதவர்போல அவர் நடித்தார். ஓவியத்தின் மூலையில் புகழ்பெற்ற ஓவியர் றிச்சாட் டீபென்கோணை நினைவூட்டும் முன்னெழுத்துகளும் ‘52’ என்ற ஆண்டும் தெரிந்தன. கேள்வி 135,805 டொலர் வரை உயர்ந்தது. விற்பவரே தம் பொருளுக்குக் கேள்வி கேட்டமை வெளிப்பட, விற்பனை இரத்தாயிற்று. முன்னெழுத்துகள் போலியெனவும் தெரியவந்தது. ஓவியத்தில் ஒரு கோடேனும் மாறவில்லை. மாறியது அதனருகே நின்ற பெயர் மட்டுமே. வல்லுநர் இல்லாத சந்தையில் கண் விடுதலை பெறும் என எதிர்பார்த்தோம். அங்கே பெயரின் ஆட்சி முன்னிலும் வலுத்தது.

2021 மார்ச் 11 ஆம் திகதி இப்போக்கு உச்சமடைந்தது. பீப்பிள் என்னும் புனைபெயர் கொண்ட ஓவியரின் 5000 எண்மப் படங்களாலான தொகுப்பு, கிறிஸ்டீஸின் இணைய ஏலத்தில் 100 டொலரில் தொடங்கி 6 கோடியே 93 இலட்சம் டொலருக்குச் சென்றது. அப்படத்தை எவரும் இலவசமாகத் திரையிற் காணலாம். வாங்கப்பட்டது அதன் உடைமையைக் குறிக்கும் எண்மப் பதிவே. பார்க்கும் பயனிலிருந்து முற்றாகப் பிரிந்த உடைமை இவ்வாறு தனிப் பண்டமாயிற்று. அதனை நடத்தியதும் இரண்டரை நூற்றாண்டுப் பழமையுடைய ஏல நிறுவனமே என்பது, தரகர் ஒழிந்தனர் என்போர் சிந்திக்கத்தக்கது.

இன்னொரு வினாவும் எஞ்சியுள்ளது. உயரும் விலையில் ஓவியனுக்குரிய பங்கு யாது? ‘நாகரிகத் திருமணம்’ 1797 இல் ஆயிரம் பவுணுக்கு மேல் விலைபோனபோது ஹோகாத் இறந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. 1958 இல் 900 டொலருக்கு வாங்கப்பட்ட றொபேட் றோஷன்பேர்க்கின் ஓவியமொன்று 1973 இல் நியூயோர்க்கில் 85,000 டொலருக்கு ஏலம்போயிற்று. உயிரோடிருந்து அதைக் கண்ட ஓவியருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பிரான்சு 1920 இலேயே மறுவிற்பனைப் பங்குரிமையைச் சட்டமாக்கியது. பிரித்தானியாவில் அது 2006 இல் நடைமுறைக்கு வந்தது. எண்மப் பதிவுகள் இப்பங்கைத் தாமாகவே ஓவியனுக்கு வழங்கும் என்று கூறப்பட்டது. ஆனால் அப்பதிவுகளின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றான ஓப்பன்சீ 2023 இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. சட்டம் தந்த உரிமை நிலைத்தது. சந்தை தந்த வாக்குறுதி, போட்டி வந்ததும் கரைந்தது.

ஏலத்தில் தோற்ற ஹோகாத்தின் பிற்காலச் செயலும் கவனத்துக்குரியது. அவரும் தோழரும் இலண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குத் தம் ஓவியங்களை நன்கொடையாக வழங்கினர். பொதுமக்கள் அங்கு சென்று சமகால ஆங்கில ஓவியத்தைப் பார்க்கப் பழகினர். 1760 இல் ஓவியர்களே நடத்திய பொதுக் கண்காட்சிக்கு அது வழிகோலியது. நமது நாட்டிலும் 1943 இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் ‘43 குழு’வாகத் திரண்டு தாமே கண்காட்சிகளை நடத்தியதனாலேயே நவீன ஓவியத்துக்கு இங்கு ஒரு பார்வையாளர் கூட்டம் உருவாயிற்று. கீற்றின் ஓவியங்கள் பிற்காலத்தில் இலண்டன் ஏலங்களிற் பெற்ற விலை அம்மதிப்பீட்டின் விளைவேயன்றிக் காரணமன்று.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், ஏலம் ஓவியனுக்கு வாயிலைத் திறக்கலாம். கண்களைத் திறக்க அதனால் இயலாது. பழைய தரகரிடம் மீளுமாறு நாம் கூறவில்லை. நம் இளம் ஓவியர் இணையத்திற் விற்கட்டும், அதனால் வாழட்டும். ஆயின் அவர்தம் ஓவியங்களை நேரிற் காணக் கண்காட்சியும், பேணப் பொதுச் சேகரிப்பும், மறுவிற்பனையிற் பங்குதரச் சட்டமும், விலையைக் கேளாது படைப்பைப் பேசும் விமர்சனமும் உடன் வளரவேண்டும். இலக்கியத்துக்கு விமர்சன மரபொன்றைக் கட்டியெழுப்பிய பல்கலைக்கழகத் தமிழுலகம் ஓவியம் பற்றி இன்னும் போதிய அளவு பேசவில்லை. நாம் பேசாதிருக்கும்வரை, கேள்வித்தொகையே விமர்சகனாக வீற்றிருக்கும்.