உலக மரத்தை ரசிக்க வரைபடம் வேண்டாம்

ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் புராணம் படியுங்கள் என்றால், 'ஒன்பது உலகத்தையும் யார் மனப்பாடம் செய்வது?' என்று நழுவுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மனப்பாடம் செய்யச் சொன்னது யார்? உலகங்கள் ஒன்பது என்று பழம்பாடல்கள் சொல்கின்றன. எந்த ஒன்பது என்று அவை ஓரிடத்திலும் வரிசை போட்டுச் சொல்லவில்லை. உலக மரத்தின் கிளைகளில் வட்டம் வட்டமாக உலகங்கள் தொங்கும் படமெல்லாம் பின்னால் வந்தவர்களின் கைவேலை.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இக்ட்ரசில் என்ற அந்த உலக மரம் ஓர் ஆஷ் மரம். அதற்கு மூன்று வேர்கள். உச்சியில் கழுகு, அடியில் வேரைக் கடிக்கும் நிடோக் என்ற பெரும்பாம்பு, இருவருக்கும் இடையே வசவுகளைச் சுமந்து ஓடும் ரடடோஸ்க் என்ற அணில். போதும்.

இனி வேருக்கு வருவோம். ரசனையே இங்கேதான் தொடங்குகிறது. 'கிரிம்னிஸ்மால்' என்ற பழம்பாடலில் ஒரு வேரின் கீழ் மரண தேவதை ஹெல், அடுத்ததன் கீழ் உறைபனி அரக்கர்கள், மூன்றாவதன் கீழ் மனிதர்கள். 1220களில் உரைநடையில் எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோர்ரி ஸ்டர்லுசனிடம் மனிதர்களின் வேர் காணாமல் போகிறது. அந்த இடத்தில் தேவர்கள் வந்துவிடுகிறார்கள். சின்ன வேறுபாடா இது? முதலாவதில் மரம் நம் தலைக்கு மேல் நிற்கிறது. இரண்டாவதில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள். இரண்டையும் கலந்து ஒரே படமாக விற்கும் அறிமுக நூல்களை மேலோட்டமானவை என்றுதான் சொல்வேன்.

அந்தப் பாடலைச் சொல்பவன் யார் என்று பாருங்கள். மாறுவேடத்தில் வந்த தேவர்களின் தலைவன் ஓடினை கெய்ரோத் என்ற அரசன் இரண்டு தீக்களுக்கு நடுவே எட்டு இரவுகள் உட்காரவைத்து வதைக்கிறான். அரசனின் மகன் அக்னார் மட்டும் ஒரு கொம்பு நிறையப் பானம் கொடுக்கிறான். மேலங்கியில் தீப்பிடிக்கும் நேரத்தில்தான் ஓடின் வாய் திறக்கிறான். மரம் படும் பாடு மனிதர்களுக்குத் தெரியாது என்கிறான்: மேலே மான் மேய்கிறது, பக்கவாட்டில் அழுகுகிறது, அடியில் நிடோக் கிழிக்கிறது. வதைபடுபவன் வதைபடும் மரத்தைப் பற்றிச் சொல்கிறான்! இதை விட்டுவிட்டு உலகங்களை எண்ணிக்கொண்டிருப்பதா?

சினிமாக்காரர்களோ இந்த மரத்தை விண்மீன்களாக மினுக்கிக் காட்டுகிறார்கள். அழுகலும் இல்லை, சேறும் இல்லை. சேறு இல்லாத இக்ட்ரசில் வெறும் அலங்காரம்.

ஏன் சேறு என்கிறேன் தெரியுமா? இதை ஸ்னோர்ரிதான் சொல்கிறார். இதற்காகவே அவரை மன்னித்துவிடலாம். விதியை வகுக்கும் மூன்று நோர்ன்கள் தினமும் ஊர்த் கிணற்றின் நீரையும் சேற்றையும் எடுத்துக் கிளைகள் அழுகாமலிருக்க மரத்தின் மேல் ஊற்றுகிறார்கள். அந்த நீர் பட்டதெல்லாம் முட்டை ஓட்டின் உட்தோல்போல வெளுத்துவிடுமாம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். விதியையே வகுப்பவர்களுக்குக்கூட மரத்தைக் குணப்படுத்த முடியவில்லை. இன்றைக்கு அழுகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

'கிரிம்னிஸ்மா'லிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். நதிகளின் பெயர்கள் வரிசையாக வந்தால் தாண்டிப் போங்கள், பாவமில்லை. ஸ்னோர்ரியை அதற்குப் பிறகு எடுங்கள், முன்னால் வேண்டாம்.