அலுமினியத்துக்கு எதற்கு மேக்கப்?

பழைய கார் கண்காட்சிகளில் பானெட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். எட்டிப் பார்த்தால் என்ஜின் நம் முகத்தையே திருப்பிக் காட்டும். பக்கத்தில் நிற்கிறவர் 'அடேயப்பா, புதுசு மாதிரியே இருக்கே!' என்பார். இல்லை சார். புதுசாக இருந்தபோது அது இப்படி இல்லை என்பதுதான் என் புகார்.

என்ஜினின் அலுமினியப் பாகங்களில் பலவும் அந்தக் காலத்தில் மணல் அச்சில் வார்க்கப்பட்டவை. உருக்கி ஊற்றிய உலோகம் மணலின் சொரசொரப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும், இட்லித் துணியின் நெசவு இட்லியின் அடியில் பதிகிற மாதிரி. மங்கலான சாம்பல் வெள்ளை. அதில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்கள். மிஷினில் சீவிய இடங்களில் மட்டும் கட்டர் ஓடிய கோடுகள். ஒரு ஃபவுண்டரியின் கையெழுத்து இது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் அரை மணியில் காலி. பாலிஷ் என்பது ஏதோ பூசுவது என்று நினைக்கிறோம், உண்மையில் அது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

'ஜாகுவார்காரனே பாலிஷ் போட்டுத்தானே விற்றான்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்கே120 அறிமுகமானபோது அதன் ஆறு சிலிண்டர் என்ஜினின் தலைமேல் இரண்டு நீளமான கேம் கவர்கள் பளபளத்தன. என்ஜின் பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்பது முதலாளி வில்லியம் லயன்ஸின் ஆசை. சரி, அந்தக் கவர்களுக்குப் பாலிஷ் போடுங்கள், போட்டே ஆகவேண்டும். ஆனால் அவற்றோடு நிறுத்தாமல், அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் வரைக்கும் கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். எல்லாமே மின்னும்போது லயன்ஸ் மின்னவைத்தது எது என்று எப்படித் தெரியும்? கல்யாண வீட்டில் அத்தனை பேரும் கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்த கதை.

புகாட்டியின் வழியே வேறு. அங்கே என்ஜினின் பரப்புகளைக் கையால் சுரண்டிச் சுரண்டியே மட்டமாக்கினார்கள். கேஸ்கெட் வைக்காமலே எண்ணெய் கசியாத அளவுக்குத் துல்லியம். வெளியே தெரியும் தகடுகளில் சின்னச் சின்ன வட்டங்களாக அலங்காரம் வேறு. இதைப் பஃப் செய்கிறவரை என்ன சொல்வது? ஓலைச்சுவடியைத் துடைத்துச் சுத்தமாக்கியவர் என்று சொல்லலாம்.

அதற்காக அழுக்கோடு விடச் சொல்லவில்லை. சுத்தமான அலுமினியம் காற்றுபட்ட கணமே தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். அது நல்ல போர்வை. ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அதையும் மீறி வெள்ளைப் பொடி பூத்து, குழி விழும். அதை எடுத்தாக வேண்டும். எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

காஸ்டிக் சோடா கலந்த எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், ஹைட்ரஜன் குமிழியாக வரும். சாண்ட் பிளாஸ்டிங் முரடு, பரப்பைக் கிழித்துக் கறுக்க வைக்கும். (நம் கோயில் கல்தூண்களை இதே முறையில் 'சுத்தம்' செய்து கல்வெட்டுகளைத் தேய்த்த கதை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) கண்ணாடி மணிகளைப் பீய்ச்சுவது கொஞ்சம் சாது. ஆனால் ஒருவிதச் செயற்கை மினுமினுப்பு வரும். எண்ணெய்க் குழாயில் நாலு மணி தங்கிவிட்டால் பேரிங் போச்சு. வேகவைத்த சாதம் போல வெள்ளையாக வந்த கிராங்க் கேஸைப் பார்த்துப் பூரித்துப் போகிறவர்கள் அந்தத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1980-களில் புதுப்பித்தபோது உட்புறச் செம்புத் தகட்டில் படிந்திருந்த தாரை எடுக்க சமையல் சோடாவைப் பீய்ச்சினார்கள். மென்மையான பொருள், உலோகத்தைக் காயப்படுத்தாது. அதே சோடா இன்று என்ஜின் பாகங்களுக்கும் பயன்படுகிறது. தண்ணீரில் கரைந்துபோகும் என்பது கூடுதல் சௌகரியம். என் ஓட்டு மட்டும் வேப்பர் பிளாஸ்டிங்குக்கு. மிக நுண்ணிய பொடியைத் தண்ணீரோடு கலந்து பாய்ச்சுவார்கள். தண்ணீர் மெத்தை போல நடுவில் நிற்பதால் அடி பலமாக விழாது. அழுக்கு போகும், வார்ப்பின் சொரசொரப்பு அநேகமாக நிற்கும்.

அலுமினியக் கலர் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதுவதாக இல்லை.

நடுவர்களும் மெல்ல மாறி வருகிறார்கள். கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950-லிருந்து நடக்கும் பந்தயத்தில் பல்லாண்டுகளாகப் பளபளப்புக்கே பட்டாபிஷேகம். 2001-ல்தான் புதுப்பிக்காத பழைய கார்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. 2024-ல் அப்படிப்பட்ட ஒரு கார் முதல் முறையாக மொத்தப் போட்டியின் முதல் பரிசையே தட்டிச் சென்றது. 1934-ம் வருஷத்து புகாட்டி டைப் 59, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் ஒரு காலத்தில் இருந்தது. வயசை மறைக்காமல் வந்து ஜெயித்தது.

உங்களிடம் பழைய என்ஜின் இருந்தால் முதலில் ஒரு பிராக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில், வெயிலும் துருவும் உப்புத்தாளும் எட்டாத காசளவு இடத்தில், தொழிற்சாலை கொடுத்த மேனி அப்படியே இருக்கக்கூடும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மற்ற இடங்களை அதற்கு ஒப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பாலிஷ்காரரிடம் மட்டும் அந்த இடத்தைக் காட்டிவிடாதீர்கள். அதையும் சேர்த்து தேய்த்துக் கொடுத்துவிடுவார்.