பூனாச்சியை ஆடாகப் படிப்பது

மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவு இன்று பல்கலைக்கழகங்களில் தனி ஆய்வுத்துறை. அதில் பரவலாகப் பேசப்பட்ட நூல்களில் ஒன்று, மானுடவியலாளர் ராதிகா கோவிந்தராஜனின் 'அனிமல் இன்டிமசீஸ்' (2018). குமாவோன் மலைக்கிராமங்களில் தங்கி எழுதியது. அங்கே பெண்கள் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். பிறகு அது சாமிக்குப் பலியாகிறது. பாசம் வெறும் வேஷம் என்று அவர் முடிவு கட்டுவதில்லை. வளர்த்த பாசம்தான் பலிக்கே மதிப்பைத் தருகிறது என்கிறார்.

ஜீயபுரத்திலிருந்து வாசிக்கிற எனக்கு இது புதிதல்ல. 'நேர்ந்துவிட்ட கிடா' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள் இது அத்தனையும் இருக்கு. திருச்சி புத்தூர் குழுமாயி அம்மனின் குட்டி குடித்தல் திருவிழாவுக்குக் குட்டியோடு வருகிறவரிடம் "இதுமேல உனக்குப் பாசமில்லையா?" என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஆனாலும் ஒரு நெருடல். பாசத்தின் கணக்கை எழுதுவது எப்போதும் வளர்த்தவர்தான். ஆட்டின் கணக்கை யார் எழுதுவது? ஆய்வாளர் ஆட்டிடம் பேட்டி எடுக்க முடியாது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) தேவைப்படும் இடம் இது. கிழவி பூனாச்சியை மகளாகவே வளர்க்கிறாள். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டதும் ஊரே கொண்டாடுகிறது; பிறகு குட்டிகள் விலைக்குப் போகின்றன. பசி, காமம், ஈற்றின் வலி, குட்டிகளைப் பிரிந்த தவிப்பு எல்லாமே பூனாச்சியின் உடம்பு வழியாக நமக்கு வருகின்றன.

நாவல் சறுக்கும் இடமும் உண்டு. காது குத்தி அடையாளம் போடும் அதிகாரிகள், வரிசையில் அஞ்சி நிற்கும் சனம், கறுப்பு ஆட்டின்மேல் அரசுக்குள்ள சந்தேகம்: இங்கெல்லாம் ஆடு வெறும் முகமூடியாகிவிடுகிறது. 'மாதொருபாகன்' சர்ச்சைக்கும் 2016 ஜூலையில் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு வந்த நாவல் என்பதால், நாமும் ஆட்டை விட்டுவிட்டு எழுத்தாளரைத் தேடப் போய்விடுகிறோம். முன்னுரையும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. வகுப்பில் 'உருவகம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆடு காணாமல் போய்விடும்.

இந்த நாவலைப் பாடமாக வைக்கிறவர்கள் முதல் வாசிப்பிலாவது அரசியலைத் தள்ளிவைத்து, பூனாச்சியை ஆடாகவே படிக்கச் சொல்ல வேண்டும். கிழவியின் பாசமும் நிஜம், குட்டி விற்ற காசும் நிஜம். இரண்டும் ஒரே வீட்டில் எப்படி இருக்கின்றன என்பதைக் கோவிந்தராஜனிடம் கற்கலாம். குட்டிகள் போன பிறகு கட்டுத்தறியில் நிற்பதற்கு என்ன மிஞ்சுகிறது என்பதற்குப் பூனாச்சியிடம்தான் போக வேண்டும்.