எத்தனை அடி தள்ளி நிற்கணும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2022 ஜூலையில் ஒரு சட்டம் கையெழுத்தானது. போலீஸ் நடவடிக்கையை 8 அடிக்குள் நின்று வீடியோ எடுக்கக் கூடாது. எச்சரித்த பிறகும் எடுத்தால் குற்றம். மசோதாவில் முதலில் 15 அடி என்றிருந்தது. பிறகு 8-க்கு இறக்கினார்கள். படித்தபோது எனக்கு இது சட்டமாகத் தெரியவில்லை, ஊர்க் கட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்ற கணக்கு நமக்குப் புதுசா என்ன?

போலீஸ் வேலைக்கு இடைஞ்சலாம். சரி, வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். 8 அடிக்குள் வெறுங்கையோடு நிற்கிறவரை இந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது. போனைத் தூக்கிப் படமெடுத்தால்தான் குற்றம். அப்படியானால் இடைஞ்சல் ஆள் இல்லை, அவர் கையில் இருக்கிற கண்.

அந்தக் கண் என்ன செய்துவிட்டது? 2020 மே 25, மினியாபொலிஸ் நகரம். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் டெரெக் ஷாவின் என்ற போலீஸ்காரர் 9 நிமிடத்துக்கும் மேல் முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். போலீஸின் முதல் அறிக்கையில் அந்த முழங்காலே இல்லை. கைதானவருக்கு உடம்புக்கு முடியாமல் போய் இறந்துவிட்டார் என்ற மாதிரி எழுதிவிட்டார்கள். நடைபாதையில் நின்ற 17 வயதுக் கறுப்பினப் பெண் தன் போனில் எடுத்ததை அன்றிரவே ஃபேஸ்புக்கில் போட்டார். 2021-ல் ஷாவின் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு.

போலீஸைப் பார்ப்பவர்களைக் கண்டு சட்டசபை பதறுவது அங்கே பழைய கதை. 1966-ல் ஓக்லாந்தில் பிளாக் பேந்தர்கள் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகப் போலீஸ் வண்டியின் பின்னாலேயே போனார்கள். மறு வருஷமே கலிபோர்னியா, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாகக் கொண்டுபோவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்தது இவர்களிடமிருந்துதான். அப்போது துப்பாக்கியைக் காரணம் சொன்னார்கள். இப்போது கையில் போன் மட்டும்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு சட்டம்.

திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று 1932-ல் 'இந்து' நாளேடு எழுதியதை அம்பேத்கர் எடுத்துக் காட்டுகிறார். கண்ணில் படுவது அங்கே குற்றம். கண்ணால் பார்ப்பது இங்கே குற்றம்.

படம் இருந்தால் நீதி வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே திருநெல்வேலியில் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் செத்தார்கள். ஆற்றில் அடி விழுவதை ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' காட்டுகிறது. விசாரணைக் கமிஷனோ போலீஸ் செய்தது சரி என்றது.

அரிசோனா சட்டத்துக்கு 2022 செப்டம்பரில், அது அமலாகும் முன்பே, நீதிமன்றம் தடை போட்டது. 2023-ல் அதை நிரந்தரமாக்கியது. ஆனால் 2024-ல் லூசியானா இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. போலீஸ்காரர் தள்ளிப் போ என்று சொன்னபின் 25 அடிக்குள் நெருங்கினாலே ஜெயில். அதற்கும் 2025 ஜனவரியில் ஒரு நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். அதில் படமெடுப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ராத்திரியில் 25 அடிக்கு அந்தாண்டை நின்று போனில் எடுத்துப் பாருங்கள், அடிக்கிறவன் முகம் தெரிகிறதா என்று.