ரசிகமணியும் கம்பன் ஏடும்

ராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் திருவொற்றியூர். அங்குள்ள வட்டப்பாறை அம்மன் இரவில் தீப்பந்தம் ஏந்தி நிற்க, அவ்வொளியில் கம்பர் இராமாயணம் எழுதினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஒரு நல்ல ரசிகனின் இலக்கணம் இக்கதைக்குள் இருக்கிறது. பந்தம் பிடித்தவள் ஏட்டில் கை வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கம்பனுக்குப் பந்தம் பிடித்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் பயின்றவர், ஆயினும் வழக்குமன்றத்தைவிடக் கவிதையே அவரை ஆட்கொண்டது. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் நண்பர்கள் கூடிய அவை ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. பின்னாளில் அவர் குற்றாலத்தில் தங்கியபோது அவையும் அவரைத் தொடர்ந்து அங்கே சென்றது. இராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய அன்பர்கள். கூட்டத்திற்கு வர இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். தாம் சுவைத்த ஒன்றைப் பிறர் சுவைக்காமல் இருக்கிறாரே என்ற ஏக்கம் அக்கடிதங்களில் புலனாகிறது. 1954-இல் அவர் மறைந்தார். கடிதங்கள் நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன.

அவர் கவிதை சொல்லும் முறையே தனி. பொருள் கூற விரைய மாட்டார். ஒரே செய்யுளைப் பலமுறை, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, உணர்ச்சிக்கேற்பக் குரலை ஏற்றியும் தாழ்த்தியும் சொல்வாராம். செய்யுளின் தாளமே பொருளில் பாதியைச் சொல்லிவிடும் என்பது அவர் கொள்கை. (மறையுரை ஆற்றும் நாம் இதனைச் சற்றே கவனிக்கலாம். வாசகத்தின் ஒலி அடங்குமுன் விளக்கத்திற்குத் தாவும் அவசரம் நமக்கு உண்டு.) கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களின் அருமையைப் பலர் உணரச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இசை கேட்பவனுக்குச் சொல்லும் விளங்கவேண்டும் என்ற எண்ணத்தால் தமிழிசை இயக்கத்திற்குத் துணை நின்றார். அவர் அவையில் பழகிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களைக் கண்டு, ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதினார். ஒருவரின் ஈடுபாடு மற்றவரிடம் பற்றிக்கொள்ளும்போது கவிதையில் தொடங்கிக் கல்லிலும் போய் நிற்கிறது.

துறைமுகத்தில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர், தம் நெஞ்சைத் தொட்ட பாட்டின் இரண்டு அடிகளைக் கைபேசியில் நண்பருக்கு அனுப்புகிறாரே, அதுவும் இவ்வுந்துதலே. ‘நீயும் கேள்’ என்னும் அந்த அழைப்பு அன்பின் செயல். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ரசிகமணியோடு நான் முரண்படுவது வேறிடத்தில். கம்பராமாயணமாக நமக்குக் கிடைப்பவை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். அவற்றுள் தம் உள்ளம் ஏற்காத பெரும்பகுதியைக் கம்பருடையன அல்ல, பிறர் செருகியவை என்று அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சில சொற்களைத் திருத்தினார். ஏட்டுச் சான்றைவிடத் தம் செவியையே நம்பினார். கம்பர் இவ்வளவு தாழப் பாடியிருக்க மாட்டார் என்பதே அவருடைய வாதம். பெருங்கவிஞரும் ஒரு மாலையில் சோர்ந்திருக்கலாம் என்பதை அவர் அன்பு ஒப்பவில்லை.

குருமடத்தில் விவிலியப் பாட ஆய்வு பயின்றோர் ஒரு விதியை அறிவர். பிரதிகள் வேறுபடும் இடத்தில் கடினமான பாடமே மூலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. 1734-இல் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த பெங்கல் இதனை வகுத்துக் கூறினார். படியெடுப்பவன் கரடுமுரடானதை வழவழப்பாக்குவான். வழவழப்பானதை யாரும் வலிந்து கரடுமுரடாக்குவதில்லை. ரசிகமணி சென்ற வழி இதற்கு நேர்மாறானது. அவருக்கு இனியதே மூலம்.

திருச்சபை வரலாற்றிலும் இத்தகைய அன்பர் ஒருவர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் மார்சியோன், தூய பவுலின் மீது கொண்ட அளவிறந்த பற்றினால் அவருடைய பத்துத் திருமுகங்களையும் லூக்காவின் ஒரு பகுதியையும் மட்டுமே வைத்துக்கொண்டார். பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளினார். தாம் வெட்டிய வரிகளைப் பிறர் செருகியவை என்றார். ஏறக்குறைய 144-இல் உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தார். அவர் அன்பு பொய்யானது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் தேர்ந்தெடுப்பதே தவறா? குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலையில், வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தத்தில், 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் விடப்பட்டன. அவற்றின் சாபச் சொற்கள் செபிக்கும் நாவிற்கு இடறலாகும் எனக் கருதினர். அந்த முடிவு சரிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் கோபக் குரல் அப்பாடல்களில்தான் கேட்கிறது. ஆயினும் விவிலியத்தைத் திறந்தால் மூன்றும் அதே இடத்தில், அதே எண்ணில் நிற்கின்றன. விடப்பட்டதை எவரும் தேடிப் படிக்கலாம். வட்டத்தொட்டியில் நூறு பாடல்களை மட்டும் சொல்லியிருந்தாலும் ரசிகமணியை யாரும் குறைகூற முடியாது. ‘இவை எனக்குப் பிடித்தவை’ என்பது சாட்சியம். ‘மற்றவை கம்பருடையனவே அல்ல’ என்பது தீர்ப்பு. சாட்சி சொல்ல வந்தவர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

சென்னைக் கம்பன் கழகத்தார் 1976-இல் வெளியிட்ட பதிப்பிலும் ஐயத்திற்குரிய பாடல்கள் பிரிக்கப்பட்டன. ஆனால் ‘மிகைப் பாடல்கள்’ என்ற தலைப்பில் அந்நூலிலேயே அச்சாயின. படிப்பவரும் தம் செவியால் சோதித்துப் பார்க்க அங்கே இடமிருக்கிறது.

இரண்டில் எதை முதலில் படிப்பது என்று கேட்கும் இளைஞருக்கு நான் ரசிகமணியின் நூலையே தருவேன். கழகப் பதிப்பை முதலில் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் திருப்பித் தந்துவிடுவார். ரசிகமணியைப் படித்து, விடுபட்ட பாடல்கள் எங்கே என்று கேட்டு வருவாரானால், அப்போது எடுத்துத் தரப் பெரிய நூல் காத்திருக்கிறது.